இன்னொருவன் மூச்சு

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். இருந்தாலும் குறை சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் வீட்டில் சர்க்கரை அரைக் கரண்டி கூடினாலே டம்ளர் பறக்கும். இப்போது நாக்கில் தித்திப்பு வருகிறது, கொஞ்ச நேரம் இருக்கிறது, போய்விடுகிறது. நான் பாட்டுக்கு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டம்ளரை இடது கையால் வாங்கியதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. வலது கை கொஞ்ச நாளாகச் சரியில்லை.

உங்களுக்கு முன்னால் என்னை விசாரித்த அதிகாரி, என்னைக் கல்லுளிமங்கன் என்று திட்டிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் எதையும் மறைக்கவில்லை. அவர் விடிந்ததிலிருந்து கம்ப்ரஸரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்ரஸரில் ஒரு குறையும் இல்லை என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைப் பற்றிக் கேட்கிறீர்கள். அப்படிக் கேட்டால் சொல்வதற்கு இருக்கிறது.

என் வேலை கயிறு பிடிப்பது. துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு கல்லாக இறுகிவிடும். அதைச் சுரண்ட டைவர்கள் இறங்குவார்கள். இறங்குபவனுக்குக் காற்று மேலே மிதவையில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து ரப்பர் குழாய் வழியாகப் போகும். குழாயோடு சேர்த்து ஒரு கயிறும் போகும். கயிறு என் உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றியிருக்கும். காற்றைத் திறந்து மூடும் வால்வு என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். பெரிய கம்பெனிகளில் டைவர் மேலே பேசுவதற்கு முகமூடிக்குள் கருவி உண்டு. அவசரத்துக்கு முதுகில் சின்ன சிலிண்டரும் உண்டு. எங்கள் முதலாளி அதெல்லாம் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களுக்குக் கயிறுதான் வாய். ஒரு தடவை சுண்டினால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். இரண்டு தடவை சுண்டினால் கயிறு விடு. விடாமல் இழுத்தால், என்னைத் தூக்கு.

மேலே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அடியில் இறங்கியவனுக்குத் தன் கையே தெரியாது. அவ்வளவு சேறு. சரக்குப் படகுக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்கும். அதற்குக் கீழே போனவன் நினைத்த இடத்தில் தலையைத் தூக்க முடியாது, தலைக்கு மேல் முழுக்க இரும்பு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். அவன் விடும் மூச்சு படகின் அடியில் உருண்டு வந்து, ஓரத்தில் குமிழிகளாக உடையும். உள்ளே ஒருவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்தக் குமிழிகள்தான் என் உயிரை வாங்கின. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானால் போதும், பதறி எழுந்துவிடுவேன். கறுத்த தண்ணீரைப் பார்க்கப் பார்க்க, கயிற்றின் மறுமுனையில் இருப்பது பிணம் என்றே தோன்றும். அலையில் கயிறு ஆடினாலும் அவன் இழுக்கிறான் என்று நினைத்து நானும் இழுத்துவிடுவேன். ஒருமுறை அப்படி இழுத்ததில் ஒரு டைவரின் முகம் படகில் மோதி முன்பல் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குப் பதட்டம் என்று பேர் வைத்தார்கள். "பதட்டம் வந்தாச்சா? அப்போ எல்லாரும் பல்ல பத்திரமா வச்சுக்குங்க" என்பார்கள். வீட்டுக்குப் போனாலும் பயம் கூடவே வரும். கட்டிலில் படுத்திருக்கும் மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன்.

படகின் அடியில் இறந்துபோனவன் என் மனைவியின் தம்பி. அவனை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். பயம் என்றால் என்ன விலை என்று கேட்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும், துண்டைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு என்னைப் போல நடித்துக் காட்டினான். கண்ணை உருட்டினான், தொடை நடுங்க உட்கார்ந்தான், "ஐயோ குமிழியக் காணோம்" என்று அலறினான். என் மனைவி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். என் மகள், "இன்னொரு தடவ மாமா, இன்னொரு தடவ" என்று கை தட்டினாள். நானும் சிரித்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதற்கும் பிறகு நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகுதான் தியான வகுப்பில் சேர்ந்தேன். டயர் கடைக்கு மேலே ஒரு மாடி. சொல்லிக் கொடுத்த அம்மா பகலில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவர். "மூக்கு நுனில மூச்சு வர்றதப் பாருங்க, போறதப் பாருங்க. அரிச்சா சொறியாதீங்க. சத்தம் கேட்டா அது பின்னாடி ஓடாதீங்க. எதுவா இருந்தாலும் வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போயிடும்" என்றார். அவ்வளவுதான் பாடம். அவர் மேல் ஒரு பழியும் வரக்கூடாது. அதே வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் குடியை விட்டார். மாமியாரோடு எலியும் பூனையுமாக இருந்த ஒரு பெண் அந்த மாமியாரையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

முதலில் முழங்கால்தான் பேசியது. அப்புறம் மனம் பேசியது. பிறகு இரண்டும் அடங்கின. தினமும் விடிந்ததும் உட்காருவேன், ஒரு நாளும் விட்டதில்லை. எனக்குக் கோபம் வருவது நின்றது. பேருந்தில் காலை மிதித்தவரிடம் நானே மன்னிப்புக் கேட்டேன். என் மனைவி பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "ஆளே மாறிட்டாரு. யாரு கண்ணும் படக்கூடாது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மகளும் பயமில்லாமல் மடியில் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு நாள் மகளின் விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. நான் எதிரே நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அலறல் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். விரல் நசுங்கி நீலமாகிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்து "அப்பா" என்றாள். கதவு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வலி வருகிறது, இருக்கிறது, போகும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி ஓடி வந்து கதவைத் தள்ளி விரலை எடுத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து அறையைவிட்டுப் போனாள். அந்த நடையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் இதை ஒரு முன்னேற்றமாகவே சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "பாக்கறதோட சேந்து இரக்கமும் வரணுங்க. அது வரலேன்னா நீங்க வேற எங்கயோ போய்ட்டிருக்கீங்க. கொஞ்ச நாள் உக்காராதீங்க" என்றார். அவருக்கு அந்த நிலை கைகூடவில்லை என்று புரிந்துகொண்டேன். அதன் பிறகு நான் அந்த மாடிக்குப் போகவில்லை. உட்காரத் தெரிந்தவனுக்கு வகுப்பு எதற்கு?

வேலையிலோ என் கொடி பறந்தது. என் மூச்சைப் பார்ப்பதற்குப் பதிலாக, அடியில் இருப்பவனின் மூச்சைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். குமிழி உடையும், இடைவெளி, மறுபடி உடையும். நாளெல்லாம் அப்படி அலுக்காமல் பார்ப்பேன். இப்போது எல்லா டைவர்களும் என்னைத்தான் கேட்டார்கள். முன்பல் போனவர்கூடக் கேட்டார். மைத்துனன் ஒருபடி மேலே போய், "மாமா கயிறு புடிச்சா அடியில தூங்கிட்டே வரலாம்" என்றான்.

ஒரு நாள் கம்ப்ரஸர் தானாகவே திணறியது. அவன் அடியில் இருந்தான். குமிழிகள் மெலிந்தன. உடனே கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. பழைய நானாக இருந்தால் மிதவையே கவிழும் அளவுக்குக் குதித்திருப்பேன். அன்று நான் அசையவில்லை. கம்ப்ரஸரும் சரியாகிவிட்டது, குமிழிகளும் திரும்பி வந்தன. அவன் மேலே வந்து முகமூடியைக் கழற்றினான். உதடு வெளுத்திருந்தது.

"மாமா, இழுத்தேனே, தெரியலயா?"

"தெரிஞ்சுது மாப்ளே. காத்து வந்துடுச்சுல்ல?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கன்னம் துடித்தது. அவனுக்குள்ளும் அது இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். பயத்தைத்தான் சொல்கிறேன். இத்தனை நாள் சிரிப்புக்கு அடியில் பதுங்கியிருந்திருக்கிறது. எனக்கு அவன் மேல் பரிதாபமாக இருந்தது. இரக்கம் வரவில்லை என்று அந்த அம்மா சொன்னது எவ்வளவு தவறு, பாருங்கள். இந்த நோயை இவனிடமிருந்து நான்தான் எடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

எப்படி என்று கேட்பீர்கள். மருந்து கொடுப்பது போலத்தான். அவன் இறங்கும்போது வால்வைக் கொஞ்சமாகத் திருகுவேன். குமிழிகள் மெலியும். கயிறு இழுக்கும். அந்த இழுப்பை என் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வேன். பிறகு திறந்துவிடுவேன். தினமும் செய்யவில்லை, அவன் எதிர்பார்க்காத நாளில் செய்தால்தான் பலன் உண்டு. அவனுக்குச் சந்தேகம் என் மேல் வரவேயில்லை. கம்ப்ரஸர் மேல்தான் வந்தது. மெக்கானிக் வந்து அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

மைத்துனன் மெலிய ஆரம்பித்தான். இறங்குகிற நாளில் காலையில் சோறு இறங்காது. குழாயை முனையிலிருந்து முனைவரை தடவிப் பார்ப்பான், உட்காருவான், எழுந்து மறுபடி தடவுவான். தண்ணீருக்குள் கால் வைத்தபின் ஏணியைப் பிடித்த கை கழலாது. மற்ற டைவர்கள் சும்மா இருப்பார்களா? "என்னடா பதட்டம், எறங்கறியா, நாங்க பூசணிக்கா ஒடைக்கணுமா?" என்றார்கள். ஆமாம், அந்தப் பேர் அவனுக்குப் போய்விட்டது. என்னை யாரும் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

அவன் வேலையை விடப் போவதாக அக்காவிடம் வந்து அழுதான். அன்று அவன் போன பிறகு என் மனைவி தட்டில் சோற்றைப் போட்டபடி கேட்டாள்.

"தம்பி எறங்கும்போது நீங்க எங்க உக்காருவீங்க?"

"கயிறுகிட்ட."

"காத்து மூடுற வால்வு எங்க இருக்கு?"

"அதுவும் அங்கதான்."

அவள் கையிலிருந்த கரண்டி தட்டில் மோதிச் சத்தம் வந்தது. நான் அதன் பின்னால் போகவில்லை. சாப்பிட்டு முடித்தேன். அன்றிலிருந்து அவள் மகளோடு வேறு அறையில் படுத்தாள். தம்பியைக் கூப்பிட்டு, மாமா பிடிக்கிற கயிற்றில் இறங்காதே என்று கெஞ்சியிருக்கிறாள். அவன் நம்பவில்லை. அதை அவனே என்னிடம் வந்து சொன்னான். "அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு மாமா. உங்களப் போயி சந்தேகப்படுது. வேற எவன் கயிறு புடிச்சாலும் நான் எறங்க மாட்டேன்" என்றான்.

அப்புறம் மிதவையின் ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாமா, உங்கள நான் ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேன். இப்பத்தான் தெரியுது பயம்னா என்னன்னு. மனசுல வச்சுக்காதீங்க. நீங்க செய்யறீங்களே, அத எனக்கும் சொல்லிக் குடுங்க."

"அதெல்லாம் எப்பவோ போயிடுச்சு மாப்ளே" என்றேன். சொல்லிக் கொடுத்தேன். வேலை இல்லாத வேளையில் இருவரும் மிதவையில் கண்ணை மூடி உட்காருவோம். அடியில் பயம் வந்தால் அதோடு சண்டை போடாதே, மூச்சைப் பார், காற்று குறைந்தாலும் குறைவதைப் பார், சட்டென்று கயிற்றை இழுக்காதே என்றேன். அவன் நல்ல மாணவன். சொன்னதை அப்படியே செய்தான். நாளாக ஆக அவன் முகம் தெளிந்தது. காலையில் மறுபடி சாப்பிட ஆரம்பித்தான்.

கடைசி நாளுக்கு வருகிறேன். உங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவர் நாற்காலியை எதற்குப் பின்னால் தள்ளிக்கொள்கிறார்? மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் எங்கும் வரப் போவதில்லை.

காலை வேளைதான். நல்ல வெளிச்சம். அகலமான ஒரு சரக்குப் படகு. அவன் ஏணியில் இறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனான். கயிறு போய்க்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. படகின் நடுவயிற்றுக்கு அடியில் இருந்தான். குமிழிகள் நிதானமாக உடைந்தன. வழக்கம்போல வால்வைக் கொஞ்சம் திருகினேன். குமிழிகள் மெலிந்தன. இழுப்புக்காகக் காத்திருந்தேன்.

ஒரு சுண்டுதான் வந்தது. நன்றாக இருக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் திருகினேன். இழை போலத்தான் மூச்சு வந்துகொண்டிருந்தது. அந்த இருட்டில், தலைக்கு மேலே இரும்பை வைத்துக்கொண்டு, நெஞ்சு காந்தக் காந்த அவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் ஒரே ஒரு சுண்டு. மெதுவாக, மரியாதையாக. அதாவது நான் சொல்லிக் கொடுத்ததை, நான் பட்ட பாட்டில் பாதிகூடப் படாமல் அவன் எட்டிவிட்டான். நோய் போய்விட்டது.

அப்போது நான் செய்ய வேண்டியது என்ன? வால்வைத் திறந்து, அவனை மேலே கூப்பிட்டு, கட்டிப்பிடித்திருக்க வேண்டும். அவன் பயத்தைப் போக்கத்தான் நான் இத்தனையும் செய்தேன் என்று உங்களிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன், அவரும் எழுதிக்கொண்டு வருகிறார். ஆனால் எனக்குக் கண்ணில் தெரிந்தது வேறு. மாலையில் அவன் கரையில் நின்று சிரிப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவன் இனிப் பதட்டம் இல்லை. அந்தப் பேர் யாரிடமாவது இருக்க வேண்டுமே, அது எங்கே போகும்? என் வீட்டில், என் மகள் முன்னால், ஒரு துண்டு கயிறாக மாறும். எனக்குப் பயம் வந்துவிட்டது ஐயா. இத்தனை வருஷம் உட்கார்ந்து போக்கியது, போன இடத்திலிருந்து அப்படியே திரும்பி வந்தது.

வால்வை முழுதாக மூடினேன்.

இழுப்பு வந்தது. முதலில் ஒரு சுண்டு வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு விடாமல். கயிறு உள்ளங்கையை அறுத்தது. மிதவையின் அந்தக் கோடியிலிருந்து சூப்பர்வைசர், "ஆளு நல்லா இருக்கானா?" என்று குரல் கொடுத்தார். "நல்லா இருக்கான்" என்றேன். என் குரலில் ஒரு பிசிறும் இல்லை. கண்ணை மூடினேன். இழுப்பு வந்தது, இருந்தது, போனது. குமிழிகள் நின்று வெகுநேரம் ஆன பிறகு வால்வைப் பழையபடி திறந்துவைத்துவிட்டு, எழுந்து நின்று சத்தம் போட்டேன். முன்பு எப்படிப் பதறுவேனோ அப்படியே பதறிக் காட்டினேன். அதனால்தான் வந்து பார்த்தவர்களுக்கு வால்வு, குழாய் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

வீட்டுக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே போய்விட்டது. என் மனைவி அழுதுகொண்டிருக்கவில்லை. கதவருகே நின்று என் வலது கையை மட்டும் பார்த்தாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் சிவந்திருந்தது. அப்படி அறுக்கும் அளவுக்கு இழுத்திருக்கிறான், இவர் தூக்கவில்லை என்பது அவளுக்கு ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. மகளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். உள்ளேயிருந்து யாருக்கோ போன் பேசுவது கேட்டது. உங்களுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

முழுதாகச் சொல்லிவிட்டேன். காற்றை மூடியது நான். தெரிந்தே மூடினேன். கம்ப்ரஸர் மெக்கானிக்கைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

தியானத்தை இன்றும் விடவில்லை. லாக்கப்பிலும் விடிந்ததும் உட்காருகிறேன். கண்ணை மூடியதும் உள்ளங்கையில் தொடங்கிவிடுகிறது. முதலில் ஒரு சுண்டு, பிறகு இன்னொன்று, பிறகு விடாமல். வருகிறது, இருக்கிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கண்ணைத் திறந்தால் நின்றுவிடும், நேற்றிலிருந்து திறந்தாலும் நிற்கவில்லை. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை ஐயா, அதை மட்டும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். விலங்கு மாட்டுவதாக இருந்தால் இடது கையில் மாட்டுங்கள். வலது கையை அவன் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறான்.